சும்மா ஒரு சைக்கிள் சவாரி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில ஏழு மணி இருக்கும். பம்புசெட்டைப் போட்டுவிட்டு வரப்பில் நின்றிருந்தேன். ரோட்டோரப் புளியமரத்தடியில் ஆறு சைக்கிள்கள் வந்து நின்றன. தலையில் ஹெல்மெட், கையில் உறை, முதுகை ஒட்டிய சட்டை. திருச்சியிலிருந்து வந்து, முந்தின ராத்திரி புதுக்கோட்டையில் தங்கி, விடியும் முன்னே கிளம்பி ஆவுடையார்கோயில் சிற்பங்களைப் பார்க்கப் போகிறவர்கள். தண்ணி கேட்டார்கள். தொட்டியில் விழுகிற தண்ணியில் முகம் கழுவச் சொன்னேன். அந்தப் பிள்ளைகள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே!

அம்மா வீட்டிலிருந்து எனக்குக் காப்பி கொண்டு வந்தவர், அங்கேயே நின்று சைக்கிள்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒன்றை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னத்தா இது, கோழியைத் தூக்குற மாதிரி இருக்கு?" என்றார். கூட்டத்தில் இருந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "பாட்டி, உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டது. அம்மா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முப்பத்து மூணு வருஷக் கதை இருக்கு. அதை எழுதி வைக்கலாம் என்றுதான் இன்றைக்கு உட்கார்ந்தேன். கொஞ்சம் பழைய கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கறுப்புக் குதிரை வந்த வழி

சைக்கிளுக்கு முதல் வடிவம் கொடுத்தவர் ஜெர்மனியின் கார்ல் டிரைஸ். 1817ல் அவர் செய்த மர வண்டிக்கு இரண்டு சக்கரம் உண்டு, பெடல் கிடையாது. உட்கார்ந்தபடி காலால் தரையை உந்தித் தள்ளிக்கொண்டு போகணும். அப்புறம் பெடல் வந்தது. முன்சக்கரம் ஆள் உயரத்துக்கும் பின்சக்கரம் தட்டு அளவுக்கும் இருந்த வண்டியும் வந்தது. அதிலிருந்து விழுந்தால் தலைகுப்புறத்தான். இப்போ நாம் ஓட்டுகிற மாதிரி, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுச் சக்கரம், பெடலிலிருந்து பின்சக்கரத்துக்கு செயின் என்று இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்து கொடுத்தது 1885ல். மூணு வருஷம் கழித்து, 1888ல், பெல்ஃபாஸ்டில் இருந்த கால்நடை மருத்துவர் டன்லப், தன் மகனின் மூணு சக்கர வண்டி கடகடன்னு ஆடுகிறதே என்று காற்றடைத்த டயரைச் செய்தார். எந்திரம் அதோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெருகுதான்.

இந்தியாவுக்கு முதலில் வந்தவை எல்லாம் சீமைச் சைக்கிள்கள். ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ. வாங்க முடிந்தவர்கள் துரைகளும் பெரிய மனிதர்களும்தான். சுதந்திரத்துக்குப் பிறகுதான் விலை இறங்கியது. 1949ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்தார்கள். 1956ல் லூதியானாவில் ஹீரோ வந்தது. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் ஃபிலிப்ஸும் அம்பத்தூரிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தன.

எங்கப்பா ஹெர்குலிஸ் வாங்கியது 1974ல், கடலை போட்ட காசில். அறந்தாங்கியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்தில் ஏற்றி நசுக்கினாராம். அப்பத்தா சொல்லும். பொங்கலுக்கு மாட்டுக்கு மாலை போடும்போது அதற்கும் ஒரு மாலை உண்டு. இருபத்தெட்டு இஞ்ச் சக்கரம், கம்பி பிரேக்கு, கனமான கேரியர், பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டு. நிறம் கறுப்புதான். வேறு நிறத்தில் ஒரு சைக்கிளை நான் பத்து வயசு வரைக்கும் பார்த்ததில்லை.

ஆம்பளைங்க சாமான்

அப்போ சைக்கிளுக்கு வரி கட்டணும். கட்டினால் ஒரு தகர வில்லை தருவார்கள். அதை ஹேண்டில்பாருக்குக் கீழே கட்டிக்கணும். இல்லாவிட்டால் பிடிப்பார்கள். ராத்திரியில் விளக்கில்லாமல் போனால் கேஸ், டபுள்ஸ் போனால் கேஸ். டவுனுக்குள் நுழையும் முன் பின்னால் உட்கார்ந்தவர் இறங்கி, போலீஸ்காரரைக் கடந்து கொஞ்ச தூரம் நடந்து, மறுபடி ஏறிக்கொள்வார். டைனமோ வருவதற்கு முன் மண்ணெண்ணெய் விளக்கு. டைனமோ வந்த பிறகு, மிதிக்கிற வேகத்துக்குத் தகுந்த வெளிச்சம். மேட்டில் ஏறும்போது மினுக் மினுக் என்று மங்கும், இறக்கத்தில் பளீர் என்று எரியும். தூரத்தில் ஒரு விளக்கு வரும் தினுசைப் பார்த்தே வருவது யார் என்று சொல்லிவிடுவார்கள்.

ஊரே அந்த இரண்டு சக்கரத்தில்தான் நடந்தது. கட்டுமாவடி, ஜெகதாப்பட்டினம் கரையிலிருந்து மீன்காரர்கள் விடியும் முன்னே கிளம்பி, கேரியரில் கூடை கட்டி, உள்ளூர்களுக்கு வந்துவிடுவார்கள். தபால்காரர், பால்காரர், ஐஸ்காரர், ஈயம் பூசுகிறவர், கோழிகளைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு வருகிற வியாபாரி, எல்லாரும் சைக்கிள்தான். அப்பா இரண்டு மூட்டை கடலையை வைத்துத் தள்ளிக்கொண்டே வருவார்.

பொடியன்களுக்கு வாடகை சைக்கிள் கடை. மணிக்கு ஐம்பது காசு. கடைக்காரர் நோட்டில் நேரம் எழுதிக்கொள்வார். அந்த ஒரு மணி நேரத்தில் நாலு பேர் மாறி மாறி ஓட்டுவோம். கால் எட்டாதவர்கள் நடுக்கம்பிக்குக் கீழே காலை விட்டு, உடம்பைக் கோணலாக்கிக் குரங்குபெடல். பெரிய ஆட்டக்காரர்கள் வேறு உண்டு. திருவிழா சமயத்தில் எங்கிருந்தோ ஒருவர் வருவார். பள்ளிக்கூடத்துப் பொட்டலில் கம்பு நட்டு, ட்யூப்லைட் கட்டி, ரேடியோ செட் வைத்து, ஐந்து நாள், ஏழு நாள் என்று காலைத் தரையில் ஊன்றாமல் சுற்றிச் சுற்றி ஓட்டுவார். சாப்பாடு, குளியல், சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள் மேலேயே. கடைசி நாள் மாலை போட்டு, சட்டையில் ரூபாய் நோட்டுக் குத்தி இறக்குவார்கள். அவர் தூங்குகிறாரா என்று பார்க்க நாங்கள் நடுராத்திரியில் எழுந்து ஓடியிருக்கிறோம்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். ஆனால் இப்போ திரும்பிப் படித்தால் ஒன்று உறுத்துகிறது. மேலே சொன்ன அத்தனை கதையிலும் சீட்டில் உட்கார்ந்த பொம்பளை ஒருத்தர்கூட இல்லை. இருந்தார்கள், கேரியரில் ஒருபக்கமாக, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. அல்லது மூட்டை ஏற்றிய சைக்கிளுக்குப் பின்னால், தலையில் இன்னொரு மூட்டையோடு, நடந்து.

1991

அந்த வருஷம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, அவர்கள் இருக்கிற இடத்திலேயே, ராத்திரியில் வகுப்பு. சொல்லிக் கொடுக்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கொஞ்சம் படித்தவர்கள் தொண்டர்களாக வரணும். அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். வகுப்புக்கு வந்தவர்களில் பெண்கள் ஏராளம். சொல்லிக் கொடுக்க வந்தவர்களிலும் பெண்கள் நிறைய. ஆனால் ஒரு குடியிருப்பிலிருந்து இன்னொன்றுக்கு ராத்திரியில் எப்படிப் போவது? அண்ணன் கொண்டுபோய் விடணும், புருஷன் வந்து கூட்டிப் போகணும் என்றால் வகுப்பு நடக்காது. அதனால் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுப்பது என்று முடிவானது. சைக்கிளைப் பற்றிப் பாட்டுகூடக் கட்டிப் பாடினார்கள். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் கலெக்டர் ஏற்பாடு செய்தார்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் அப்போ எங்கள் மாவட்டத்துக்கு வந்து இதை எழுதினார். 1996ல் வந்த அவருடைய புத்தகத்தில் அது ஒரு அத்தியாயம். 1992ல் மகளிர் தினத்தை ஒட்டி 1,500 பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் போனார்கள் என்றும், 70,000க்கு மேற்பட்ட பெண்கள் ஊர் ஊராக நடந்த போட்டிகளில் எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டினார்கள் என்றும் அதில் இருக்கிறது. அந்தக் கட்டுரை பிறகு எட்டாம் வகுப்பு இந்திப் பாடப்புத்தகத்திலும் ஒரு பாடமாக வந்தது. வடக்கே எத்தனையோ பிள்ளைகள் எங்கள் அம்மாக்களைப் பற்றிப் பரீட்சை எழுதியிருக்கிறார்கள்.

லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாக இருந்த நேரம் அது. பெரும்பாலும் ஆண்கள் ஓட்டுகிற சைக்கிளில்தான் பழகினார்கள். நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதுவே பரவாயில்லை என்றவர்களும் உண்டு.

எங்கம்மா அஞ்சாவது வரை படித்தவர். வயசு முப்பத்தாறு. எங்கள் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டரில் ஒரு குடியிருப்பு. அங்கே சொல்லிக் கொடுக்க ஆளில்லை என்று சொன்னதும் நான் போறேன் என்றுவிட்டார். நடந்தால் ஒரு மணி நேரம். போக வர இரண்டு. அப்பாவுடைய ஹெர்குலிஸ் திண்ணையோரம் நின்றுகொண்டிருந்தது.

"வாடா தம்பி, சீட்டைப் புடி" என்று என்னைத்தான் கூப்பிட்டார். எனக்கு வயசு பதினாலு. கூட்டாளிகள் பார்த்துவிடுவார்களோ என்று கூச்சம். இருட்டின பிறகு களத்துமேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நெல் தூற்றும் மேட்டில் கால் வைத்து ஏறுவார். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடணும்.

ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அது மறந்துபோகிற விஷயம். கற்றுக்கொடுத்தவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். புதுசாகப் பழகுகிறவர் கீழே, முன்சக்கரத்தையே பார்ப்பார். பார்த்தால் விழுவார். வலதுபக்கம் சாய்ந்தால் பயத்தில் ஹேண்டில்பாரை இடதுபக்கம் திருப்புவார். சரிகிற பக்கமே திருப்பினால்தான் வண்டி தானாக நிமிரும். இதை வாயால் சொல்லிப் புரிய வைக்க முடியாது. உடம்பு ஒரு நாள் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அம்மாவுக்கு ஒன்பதாவது நாள் அது பிடிபட்டது. நான் எப்போ கையை எடுத்தேன் என்று அவருக்குத் தெரியாது. களத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, என்னைக் கடந்து போகும்போதுதான் பார்த்தார். நிறுத்தத் தெரியாமல் வைக்கோல் போரில் போய் மோதி, அதிலேயே படுத்துக்கொண்டு சிரித்தார். அம்மா அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பேச்சு

ஊரில் பேச்சுக்குக் குறைவில்லை. "கர்ப்பப்பை இறங்கிப்போகும்" என்றார் ஒருத்தர். "பொம்பளை சைக்கிள்ல போனா மழை பெய்யுமா?" என்றார் இன்னொருத்தர். அம்மா டீக்கடையைத் தாண்டும்போது வேண்டுமென்றே பெல் அடித்துக் காட்டுகிற வாலிபர்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் என்னிடம் வந்து, "உங்கம்மா என்ன வேகம்டா!" என்று கிண்டல் பண்ணுவான்கள்.

இது நம்ம ஊர்ப் பட்டிக்காட்டுத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். 1890களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கியபோது, படித்த டாக்டர்களே எச்சரித்தார்கள். கருப்பை கெடும் என்றார்கள். எப்போதும் பேலன்ஸ் பண்ணிக்கொண்டே இருப்பதால் முகம் இறுகி, கண் பிதுங்கிப் போகும் என்றும் சொல்லி, அதற்கு 'சைக்கிள் முகம்' என்று ஒரு வியாதிப் பெயரே வைத்தார்கள். அதே காலத்தில், 1896ல், பெண்களின் ஓட்டுரிமைக்காக வாழ்நாள் எல்லாம் போராடிய சூசன் பி. ஆண்டனி, பெண் விடுதலைக்கு உலகத்தில் வேறு எதையும்விட சைக்கிள்தான் அதிகம் செய்திருக்கிறது என்று ஒரு பேட்டியில் சொன்னார். நியூயார்க்கில் நடந்த சண்டையேதான் நூறு வருஷம் கழித்து எங்கள் டீக்கடை வாசலில் நடந்தது.

ஆனாலும் வேலைக்கு என்று போகிறவரைக்கும் ஊர் எப்படியோ பொறுத்துக்கொண்டது. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, தண்ணிக் குடம், வயலுக்குக் கஞ்சி. கேரியரின் இரண்டு பக்கமும் இரண்டு பிளாஸ்டிக் குடத்தைக் கட்டி அம்மா தண்ணி கொண்டுவர ஆரம்பித்ததும், முதலில் முகம் சுளித்த அப்பத்தாவே, "பரவாயில்லையே, நேரம் மிச்சம்" என்றது. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. மார்ச் மாசம் புதுக்கோட்டை ஊர்வலத்துக்கு மட்டும் விடவில்லை. "அங்க என்ன வேலை?" என்றார். அம்மாவும் சரி என்று இருந்துவிட்டார்.

கலுங்கு

1992 கார்த்திகை. நல்ல மழை. எங்கள் கண்மாய் நிரம்பிவிட்டது. நிரம்பினால் மிச்சத் தண்ணி வெளியேறுகிற கல்கட்டைக் கலுங்கு என்போம். கலுங்கு வழிகிறது என்றால் ஊருக்கே அது ஒரு திருவிழா. எங்கள் கண்மாய்க் கலுங்கு ஊரிலிருந்து மூணு கிலோமீட்டர், கரையோடு போகணும். ஆம்பளைகளும் பிள்ளைகளும் போய் நின்று பார்ப்பார்கள், மீன் பிடிப்பார்கள். பெண்கள் வீட்டில் இருந்து கதை கேட்பார்கள்.

ஒரு நாள் காலை நான் எழுந்து வந்தபோது அம்மாவைக் காணோம். சைக்கிளையும் காணோம். அப்பத்தா அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அப்பா தேட ஆள் அனுப்பிவிட்டார். பத்து மணிக்கு அம்மா கரை மேலிருந்து இறங்கி வந்தார். பெடலை மிதிக்கவில்லை. இறக்கத்தில் வண்டி தானாக வருகிறது, ப்ரீவீல் டிக்டிக்கென்று சத்தம் போடுகிறது. சேலை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது.

"எங்க போன?"

"கலுங்கு வழியுதுன்னாங்க. பாத்துட்டு வந்தேன்."

"என்ன வேலையா?"

"வேலை ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

அந்தச் 'சும்மா'தான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. தண்ணிக்குப் போனது, வகுப்புக்குப் போனது எல்லாம் சரி. சும்மா போவதா? அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து காசு எடுத்து என்னிடம் கொடுத்து, சங்கிலிப் பூட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னார். நான் ஓடிப்போய் வாங்கி வந்தேன். உண்மையைச் சொல்றேன், எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. இனி எவனும் கிண்டல் பண்ண மாட்டான். பின்சக்கரத்தில் போட்டுப் பூட்டி, சாவியை அப்பா அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

அம்மா அழவில்லை. கெஞ்சவும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. இருட்டில், சேற்றில், நாலு கிலோமீட்டர் நடந்து போக முடியவில்லை. வகுப்பு நின்றது. மறுநாளும் நின்றது. மூணாம் நாள் ராத்திரி எட்டு மணி இருக்கும். வாசலில் லாந்தர் வெளிச்சம். அந்தக் குடியிருப்பிலிருந்து பதினோரு பெண்கள், தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, நடந்தே வந்திருந்தார்கள். ஒருத்தர் இடுப்பில் கைக்குழந்தை. சிலேட்டையும் புத்தகத்தையும் மடியிலிருந்து எடுத்துத் திண்ணையில் வைத்து, "அக்கா ரெண்டு நாளா வரலியே, மேலுக்கு முடியலையோன்னு நாங்களே வந்துட்டோம்" என்றார்கள்.

அன்றைக்கு எங்கள் திண்ணையில்தான் வகுப்பு நடந்தது. அப்பா உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் திரும்பிப் போகும்போது எழுந்து வந்து, பூட்டைத் திறந்து, சாவியோடு அதை மாட்டுக் கொட்டகை இறவாணத்தில் தூக்கிப் போட்டார். பிறகு அதை யாரும் எடுக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும்தான். பூட்டு வாங்கி வந்தது நான் என்று அம்மாவுக்குத் தெரியும்.

கணக்கில் வராதது

அறிவொளியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை பேர் கையெழுத்துப் போடக் கற்றார்கள், எவ்வளவு நேரம் மிச்சமானது என்றெல்லாம் கணக்குச் சொல்வார்கள். எல்லாம் நிஜம்தான். நடந்து ஒரு மணி நேரம் ஆகிற தூரத்துக்கு சைக்கிளில் இருபது நிமிஷம், அதுவும் குறைந்த களைப்பில். ஆனால் நேரம் மிச்சமாவதை யாரும் எதிர்ப்பதில்லை. எங்கள் வீட்டில் பூட்டு வந்தது மிச்சமான நேரத்தில் ஒரு பெண் தன் இஷ்டத்துக்குத் தண்ணி பார்க்கப் போன அன்றைக்குத்தான். எதிர்ப்பு சைக்கிளுக்கு இல்லை, அந்தச் சந்தோஷத்துக்கு.

அதற்குப் பிறகு காலம் வேகமாக ஓடியது. 1980ல் வந்த டி.வி.எஸ். 50 மெல்ல மெல்ல ஊருக்குள் நுழைந்து, மீன்கூடையும் பால்கேனும் அதற்கு மாறின. வாடகைக் கடை மூடியது. சைக்கிள் என்றால் ஏழைகளுக்கும் கிழவர்களுக்கும் என்று ஆனது. ஆனால் பெண்பிள்ளைகள் விஷயத்தில் அது நின்றுவிடவில்லை. அரசு 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, 2005-06ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் படிக்கிற எல்லாருக்கும் என்று விரித்தது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் ரோட்டை அடைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே, நேர்வழியை விட்டுவிட்டு கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் போவார்கள். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தாலும் அவசரப்பட மாட்டார்கள். யாரும் அவர்களை எங்கே போனாய் என்று கேட்பதில்லை.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் வந்தபோது எங்கள் தென்னைகளும் ரோட்டோர மரங்களும் சாய்ந்தன. கார், மோட்டார் சைக்கிள் எதுவும் நகரவில்லை. சைக்கிளை மட்டும்தான் தோளில் தூக்கி, விழுந்த மரத்தைத் தாண்டி வைத்து, ஏறிப் போக முடிந்தது. மெழுகுவர்த்தி, மாத்திரை, சேதி எல்லாம் அன்றைக்கு அப்படித்தான் வந்தன. பெட்ரோல் வேண்டாம், கரண்டு வேண்டாம். வால்டியூப் ஒன்றும் பஞ்சர் ஒட்டத் தெரிந்த கையும் போதும்.

நானும் இப்போ தினமும் காலையில் வயலுக்கு சைக்கிளில்தான் போகிறேன். பைக் இருக்கிறது. பைக்கில் போனால் வயல் வரைக்கும் ரோடுதான் தெரியும். சைக்கிளில் போனால் யார் வயலில் நாற்று மஞ்சளடித்திருக்கிறது, எந்த மடையில் தண்ணி கசிகிறது, எந்தப் பனையில் தூக்கணாங்குருவி கூடு கட்ட ஆரம்பித்திருக்கிறது எல்லாம் தெரியும். எதிரே வருகிறவரிடம் நிறுத்தாமலே நாலு வார்த்தை பேசலாம். எதிர்க்காற்று அடித்தால் மூச்சு வாங்கும். அது திரும்பி வரும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை வந்த அந்தப் பிள்ளைகளைப் பற்றி எங்கள் ஊரில் சிலர் சிரித்தார்கள். "வேலை வெட்டி இல்லாமச் சும்மா சுத்துறாங்க" என்று. எனக்கு அந்த வார்த்தை சுருக்கென்றது. அதில் இரண்டு பேர் பெண்கள். அவர்கள் யாரிடமும் காரணம் சொல்லாமல் ஆவுடையார்கோயில் வரைக்கும் போய்வர முடிகிறது. அவர்களுக்கு முன்னால் எத்தனை பேர் களத்துமேட்டில் இருட்டில் விழுந்து எழுந்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. தெரிந்தால் நல்லது, அவ்வளவுதான்.

நீங்கள் நகரத்தில் இருக்கிறவர்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு சைக்கிள் தூசி படிந்து நிற்கும். வீல் கோட்டம் எடுத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, ஒரு வாரம் பால் வாங்கவாவது எடுத்துப் பாருங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கிளம்புங்கள். வீட்டில் யாருக்காவது ஓட்டத் தெரியாது என்றால் சீட்டைப் பிடியுங்கள். வயசு முப்பத்தாறு ஆனாலும் ஒன்பது நாள்தான்.

அம்மாவுக்கு இப்போ எழுபது. முழங்கால் தேய்ந்துவிட்டது, ஏறி மிதிக்க முடியாது. ஆனால் அந்த ஹெர்குலிஸ் இன்னும் இருக்கிறது. அப்பா போன பிறகு ரிம் மாற்றி, பெடல் மாற்றி, சீட் மாற்றி வைத்திருக்கிறேன். அம்மா அதைத் தள்ளிக்கொண்டுதான் நடப்பார். கைத்தடியைவிட அதுதான் தோது என்கிறார். ஹேண்டில்பாரைப் பிடித்தால் நடை தடுமாறுவதில்லை. கேரியரில் ஒரு கட்டுப் புல்லும் கட்டிக்கொள்ளலாம்.

இந்த வருஷமும் கண்மாய் நிரம்பிவிட்டது. நேற்றுக் காலை அம்மா சைக்கிளை வெளியே எடுத்தார். "எங்கம்மா?" என்று கேட்க வாய் வந்து, கேட்காமல் நிறுத்திக்கொண்டேன். ஓடிப்போய்ச் சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டேன். அம்மா திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் கலுங்குப் பக்கம் நடந்தோம்.